‘போர்டு போச்சு’ என்று சொல்கிறவர்களுக்கு

“போர்டு போச்சு. இதுல மேல மேல காசு போடாத. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? ஒரு நல்ல போனா வாங்கிக்க.”

பொங்கல் கழிந்த வாரத்தில், பண்ருட்டியில் ஒரு கணினிக் கடையில், எங்கள் படிப்பகத்துப் பெண் ஒருத்திக்குக் கிடைத்த தீர்ப்பு இது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கடையோடு முடிகிற விஷயம் என்றால் நாங்கள் நேரில் போய்ப் பேசி முடித்திருப்போம். அவள் உள்ளே நுழைந்தபோது “வாங்கம்மா, என்ன பிரச்சினை?” என்றுதான் பேச்சு தொடங்கியது. ரசீது எழுத ஊர் கேட்டார்கள். சொன்னாள். “ஊரா, காலனியா?” என்றார்கள். அதையும் சொன்னாள். அதன்பிறகு ‘வாங்க’ போய் ‘வா’ வந்தது. மடிக்கணினியின் அடிமூடியைக்கூடக் கழற்றாமல் போர்டும் போய்விட்டது.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நாங்களும் வரவேற்றோம். ஆவணத்திலிருந்து சொல்லை எடுப்பதற்கு ஓர் ஆணை போதும். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து எடுக்க எத்தனை ஆணை வேண்டுமோ தெரியவில்லை.

போர்டு போகவில்லை. அந்த மடிக்கணினி இப்போது எங்கள் படிப்பகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. போயிருந்தது ஒரே ஓர் எழுத்து. அந்த எழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். பண்ருட்டி முந்திரியைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அந்தப் பருப்பை உடைத்தெடுக்கும் கைகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்தோல் கருத்து உரிந்துபோகும். ரேஷன் கடைக் கருவியில் ரேகை பதியாது. அந்தக் கூலியிலும் மகளிர் குழுக் கடனிலும் வாங்கிய பழைய மடிக்கணினி அது. ஏதோ ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்துப்போட்டது. இன்டெலின் நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ராம், ஒரே ஒரு ஸ்லாட்.

அரசு மடிக்கணினி இருக்கும்போது ஏன் பழையது வாங்க வேண்டும் என்று கேட்பார்கள். கேளுங்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய பள்ளி மடிக்கணினித் திட்டம் கொரோனாவோடு நின்றுபோனது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025 மார்ச் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இந்தப் பெண் பிளஸ் டூ முடித்தது 2021. பட்டம் முடித்தது 2024. முதல் திட்டம் நின்றபிறகு பள்ளியை முடித்தாள். இரண்டாவது திட்டம் வருவதற்குள் கல்லூரியை முடித்தாள். பொதுத்தேர்வே நடக்காத ஆண்டில் பிளஸ் டூ முடித்து, முதலாண்டுக் கல்லூரியைக் கைப்பேசித் திரையில் படித்த ஒரு தலைமுறை, இரண்டு திட்டங்களுக்கும் நடுவே விழுந்துவிட்டது. அவர்களுக்கு எந்த அரசாணையிலும் பெயர் இல்லை.

இணையவழிக் கணக்கியல் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். 4 ஜிபியில் காணொலி வகுப்பையும் பயிற்சி மென்பொருளையும் ஒன்றாகத் திறந்தால் இயந்திரம் உறைந்து நின்றது. பயிற்சி மையத்தில் 8 ஜிபி ஆக்கச் சொன்னார்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

முதல் கடையில் புதிதாக 8 ஜிபி ராம் ஒன்று போட்டார்கள். திரை கருப்பாகவே நின்றது. பழையதைத் திருப்பிப் போட்டபோதும் கொஞ்ச நேரம் தடுமாறியது. உடனே வந்தது தீர்ப்பு: போர்டு போச்சு. போட்டுப் பார்த்ததற்கு 200 ரூபாய்.

நடந்தது என்ன? பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிடிஆர்3 வகை ராம். இதில் இரண்டு உண்டு. ஒன்று 1.5 வோல்ட்டில் ஓடுவது. இன்னொன்று 1.35 வோல்ட்டில் ஓடுவது. இதன் பெயரின் கடைசியில் ‘எல்’ இருக்கும், டிடிஆர்3எல். இரண்டுக்கும் 204 பின்தான். வெட்டும் ஒரே இடத்தில்தான். ஸ்லாட்டில் ‘டக்’ என்று உட்காரும். ஆனால் நான்காம் தலைமுறைச் செயலி உள்ள மடிக்கணினிகளுக்கு எல் வகைதான் வேண்டும். 1.5 வோல்ட் ராமைப் போட்டால் பெரும்பாலும் திரையே வராது. மாற்றிப் போட்டால் கவலையில்லை. எல் வகையைப் பழைய 1.5 வோல்ட் இயந்திரத்தில் போட்டாலும் ஓடும். ஆக, கடைக்காரர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். உள்ளே ஏற்கெனவே இருந்த ராமைக் கழற்றி, அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிப்பது. பிசி3எல் என்று அச்சிட்டிருந்தது. பிசி3 என்று அச்சிட்டதை எடுத்துப் போட்டார்.

பக்கத்து நகரத்தில் இரண்டாவது கடை. இம்முறை நாங்களும் போனோம். எல் வகைதான் கேட்டு வாங்கினோம். அதுவும் ஓடவில்லை. இங்கே காரணம் வேறு. இன்டெலின் ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகள், சிப் ஒன்றுக்கு 4 கிகாபிட் வரை உள்ள டிடிஆர்3 ராமைத்தான் ஏற்கும். அந்தச் சிப் பதினாறு சேர்ந்தால் 8 ஜிபி. பின்னாளில் வந்த ராம்களில் 8 கிகாபிட் சிப் எட்டே எட்டு வைத்து அதே 8 ஜிபியை முடித்துவிட்டார்கள். சீட்டில் முன்னது 2ஆர்எக்ஸ்8, பின்னது 1ஆர்எக்ஸ்8. எங்கள் கையில் வந்தது பின்னது. “ஒருதடவ பிரிச்சத திருப்பி எடுக்க மாட்டோம்” என்றார்கள்.

மூன்றாவது இடம் கடையே அல்ல. கடலூரில் ஒரு காயலான் கடை. கழித்துப்போட்ட அலுவலகக் கணினிகளை உடைத்துப் பாகம் பிரிக்கும் தம்பி ஒருவன். நம் ஆள்தான். பத்தாம் வகுப்பு முடிக்காதவன். மடிக்கணினியின் அடியில் இருந்த மாடல் எண்ணைப் படித்தான், பழைய ராமின் சீட்டைப் படித்தான், ஒரு தகரப் பெட்டியில் துழாவி ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் சிப்பை எண்ணினான். “பதினாறு இருக்குண்ணா, போடுங்க.” போட்டோம். ஓடியது. முதல் இரண்டு கடைகளில் கொடுத்ததில் பாதிகூட அவன் வாங்கவில்லை.

இதைக் கதையாகச் சொல்வதற்காக எழுதவில்லை. படித்த, சான்றிதழ் மாட்டிய, குளிர்சாதனம் போட்ட கடைகளில் இல்லாத அறிவு, குப்பை பிரிக்கிற கையில் இருந்தது. அந்தக் கையின் பெயர் ‘அமைப்புசாராத் தொழிலாளி’. அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை, மரியாதை இல்லை, கையுறைகூட இல்லை. இந்த நாட்டில் கழிவைத் தொடுகிற வேலை யாருடையது என்று சாதி எப்போதோ எழுதிவிட்டது. மின்கழிவு வந்தபோது புதிதாக எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

“செகண்ட் ஹேண்ட் வாங்கினா அப்படித்தான்” என்று சொல்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில எண்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2017-18 கல்விக் கணக்கெடுப்பில், கிராமப்புற இந்தியாவில் கணினி உள்ள வீடுகள் 4.4 சதவீதம். நகரத்தில் 23.4. கடலூர் மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பட்டியல் சாதியினர் 29 சதவீதத்துக்கு மேல். அந்த 29 சதவீதத்தில் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் எத்தனை என்று எங்களைவிட அந்தக் கூலியைக் கொடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே செகண்ட் ஹேண்ட் என்பது ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தது அல்ல. கணினி எங்கள் தெருவுக்குள் வரும் ஒரே வழி அதுதான்.

இன்னொரு கூட்டம் ‘இலவசம்’ என்று முகம் சுளிக்கிறது. 2011 முதல் தமிழ்நாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கிடைத்தன. இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார்கள். தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 2022 ஜூலையில் பிரதமரே இலவசப் பண்பாட்டை மிட்டாய் விநியோகம் என்று கேலி செய்தார்.

சரி, மிட்டாய்க் கணக்கையே பார்ப்போம். உலகில் கணினி ராமுக்கான சிப்பைச் செய்வதில் பெரும்பங்கு மூன்று நிறுவனங்களுடையது: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். இதில் மைக்ரான் குஜராத்தின் சாணந்தில் சிப் பொருத்திச் சோதிக்கும் ஆலை ஒன்றை அமைக்கப்போவதாக 2023 ஜூனில் அறிவித்தது. மொத்தச் செலவு 275 கோடி டாலர். அதில் நிறுவனம் போடுவதாகச் சொன்னது 82.5 கோடி டாலர் வரை. பாதியை ஒன்றிய அரசும் 20 சதவீதத்தைக் குஜராத் அரசும் தருகின்றன. நூறு ரூபாய்க்கு எழுபது ரூபாய் மக்கள் பணம். இதை மிட்டாய் என்று எவரும் சொல்லவில்லை. இதன் பெயர் ஊக்கத்தொகை.

அதே மைக்ரான் 2025 டிசம்பரில் இன்னொன்றையும் அறிவித்தது. க்ரூஷியல் என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு விற்றுவந்த மெமரி வணிகத்தை மூடுகிறது. 2026 பிப்ரவரியோடு அனுப்புவது நிற்கும் என்றும் சொன்னது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களிலிருந்து வரும் தேவையைக் கவனிக்கவாம். மடிக்கணினியின் மாடலைச் சொன்னால் எந்த ராம் பொருந்தும் என்று பட்டியல் தரும் வசதியை வைத்திருந்த பெயர் அது. எங்கள் மாதிரி ஆட்கள் கடைக்காரரை நம்பாமல் பார்த்துக்கொள்ள இருந்த சில வழிகளில் ஒன்று. தரவு மையங்களின் பசிக்கு ராம் விலை உலகம் முழுக்க ஏறிக்கிடக்கிறது. ஏறிய விலையை எண்ணிக் கொடுத்தது முந்திரி உடைக்கும் கை.

மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. நல்ல நிலையில் ஓடுகிற இயந்திரத்தைக் கிழம் என்று அறிவித்துத் தெருவில் விடுகிறார்கள். அலுவலகங்கள் கழித்துப்போட்டது எங்கள் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்கிறது. வந்து சேர்ந்ததும் அதற்கு உதிரிபாகம் இல்லை, மென்பொருள் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையவாசல் ஒன்றைத் திறந்தது. பில் வைத்திருக்கிற முதல் உரிமையாளருக்கு ஒருவேளை உதவும். மூன்றாவது கையில் இருக்கும் மடிக்கணினிக்கு எந்த வாசல்?

காட்டுமன்னார்கோவில் பள்ளியில் இளையபெருமாள் படித்த காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கென்று தனிப் பானை வைத்திருந்ததையும், அதை அவர் போட்டு உடைத்ததையும் இந்த மாவட்டத்தில் கேட்டு வளராதவர்கள் குறைவு. அந்தப் பானையிலும் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீரே தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்று எங்கள் பிள்ளைகளிடம் கணினி இல்லை என்றும் சொல்ல முடியாது. 2 ஜிபியில் ஒன்று, 4 ஜிபியில் ஒன்று இருக்கிறது. புள்ளிவிவரத்தில் அது ‘கணினி உள்ள வீடு’ என்று ஏறும். வகுப்பு திறக்காது. பானை மாறியிருக்கிறது.

இனி நம்மைப் பற்றி. எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பரண்மேல் கிடந்த அரசு மடிக்கணினிகளை இறக்கினோம். பதினொன்று தேறியது. தொடக்க ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி ராமோடு வந்தவை. மூடியைக் கழற்றினால், நான்கில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் காலியாக இருந்திருக்கிறது. அதில் ஒரு ராமைச் செருகியிருந்தால் அந்தப் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும்வரை அதையே வைத்து ஓட்டியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்தப் பத்தாண்டில் நாங்கள் எத்தனை சுவரொட்டி ஒட்டினோம், எத்தனை கொடிக்கம்பம் நட்டோம் என்ற கணக்கு எங்களிடம் இருக்கிறது. ஒரு திருப்புளி வாங்கிய கணக்கு இல்லை. சிலைக்கு மாலை போடும் நாளில் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் படிப்பகத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பதினொன்றும் பரணேறியிருக்காது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது அரசு எல்லாவற்றையும் தயாராக்கித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த வழியில் வந்தவர்கள் என்று மேடையில் சொல்லிக்கொள்கிற நாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்காக அரசை விட்டுவிட முடியாது. எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று. இதுவரை தந்த ஒவ்வொரு மடிக்கணினி மாடலுக்கும் எந்த ராம் பொருந்தும், எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு, எந்த வட்டு, எந்த மின்கலம் என்ற பட்டியலைத் தமிழில் எல்காட் வெளியிட வேண்டும். வாங்கியவர்களிடம் ஒப்பந்த ஆவணம் இருக்கிறது. ஒரு வார வேலை.

இரண்டு. இனி வாங்கும் கருவிகளில் ராமைப் போர்டோடு பற்றவைத்திருக்கக் கூடாது. கழற்றி மாற்றக்கூடிய ஸ்லாட் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும்.

மூன்று. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றியிருக்கிறீர்கள். வட்டத்துக்கு ஒரு சமூகநீதி விடுதியில் ஒரு பழுதுபார்க்கும் மேசையும், கூலி கொடுத்து ஒரு ஆளும் போடுங்கள். காயலான் கடைத் தம்பிகளுக்கே பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து அந்த வேலையைக் கொடுங்கள். பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென 2024-ல் நீங்களே சட்டம் போட்டிருக்கிறீர்கள்.

நான்கு. 2020-க்குப் பிறகு பள்ளி முடித்து, கல்லூரித் திட்டம் வருமுன் வெளியேறிய அந்த நடுத்தலைமுறையைக் கணக்கெடுங்கள். முதலில் அவர்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

கோரிக்கை நிறைவேறும்வரை நம் பிள்ளைகள் ஏமாறக் கூடாது. எனவே கடைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள். மின்கலத்தைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து பழைய ராமின் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பிசி3 என்றா, பிசி3எல் என்றா, பிசி4 என்றா பாருங்கள். பிசி4 என்றால் அது டிடிஆர்4, 260 பின். டிடிஆர்3 ஸ்லாட்டில் உட்காராது, அழுத்தாதீர்கள். நான்காம் தலைமுறை அல்லது அதற்கு முந்தைய இன்டெல் செயலி என்றால் 8 ஜிபி ராமில் பதினாறு சிப் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இயந்திரம் அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பதை மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். ‘ஓடாவிட்டால் மாற்றித் தரப்படும்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். போட்டபிறகு ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள். விண்டோஸ் இழுக்காத இயந்திரத்தில் லினக்ஸ் போடுங்கள். படிப்பகத்துக்கு வந்தால் நாங்களே போட்டுத் தருகிறோம். “போர்டு போச்சு” என்று யாராவது சொன்னால், பழைய ராமைத் திருப்பிப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் போர்டு இருக்கிறது.

அந்தப் பெண் தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பரணிலிருந்து இறங்கிய பதினொன்றில் ஒவ்வொன்றாகத் திறந்து, மாடல், ஸ்லாட், வோல்ட் எல்லாவற்றையும் ஒரு நீளநோட்டில் எழுதிவருகிறாள். ஐந்து ஓடத் தொடங்கிவிட்டன. ஆறாவது வெறும் கருப்புத் திரை. “போர்டு போச்சாக்கா?” என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். “மொதல்ல சீட்டப் படிடா” என்றாள்.

பரணில் மடிக்கணினி வைத்திருக்கிறவர்கள் இறக்குங்கள். கழித்துப்போட்ட ராம் வைத்திருக்கிறவர்கள் அனுப்புங்கள். திருப்புளி எங்களிடம் இருக்கிறது.

ஜெய்பீம்.